தனியே பாதயாத்திரையா? முதலில் பையைக் காட்டுங்கள்!

போன வருஷம் தைப்பூசம் முடிந்து நாலாம் நாள். க்ளினிக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். அவருக்கு அறுபது வயசு. அரசரடிப் பக்கம் வீடு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மதுரையிலிருந்து பழனிக்குத் தன்னந்தனியாக நடந்து போய்விட்டு, பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்.

"தரிசனமெல்லாம் நல்லபடியா முடிஞ்சது டாக்டர். கால்லதான் ஏதோ வாடை வருதுன்னு இவ நச்சரிக்கிறா" என்றார் சிரித்துக்கொண்டே.

கட்டைப் பிரித்தேன். வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு கருவேல முள் முறிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் சீழ், விரல் கறுத்துப் போயிருந்தது. "எப்ப சார் குத்துச்சு?" என்றால் அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம்! முள்ளோடு அவர் எத்தனை கிலோமீட்டர் நடந்தாரோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

எண்ணெய் போட்டுக் கட்டி அனுப்புகிற விஷயமா இது? அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி சர்ஜரி பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல் போய்விட்டது.

அந்த அம்மா அப்புறம் ஒருநாள் வந்து சொன்னார்: "பதினோரு கிலோ பை டாக்டர். சட்டை மட்டும் ஏழு. என்னென்னவோ அடைச்சு எடுத்துட்டுப் போனார்..." அந்தப் பதினோரு கிலோவில் ஒரு பொருள் இல்லை. பெட்டிக்கடையில் கிடைக்கிற சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி! தினமும் ராத்திரி உள்ளங்காலுக்கு அடியில் அதைப் பிடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே முள் தெரிந்திருக்கும். கூட ஒரு ஆள் போயிருந்தாலும், "என்னங்க, நீங்க மிதிக்கிற இடமெல்லாம் ரத்தமா இருக்கே?" என்று கேட்டிருப்பார். தனியாகப் போனவரிடம் அதைக் கேட்க யாரும் இல்லை.

இந்த வருஷம் அவர் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்ப நான் அப்பாவுக்குப் பதிலா நடக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வயசு முப்பத்திரண்டு. "தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடி பையைத் தூக்கிட்டு க்ளினிக்குக்கு வாங்க" என்றேன். வந்தார். பை அவரைவிடப் பெரிதாக இருந்தது! மேஜையில் கொட்டச் சொன்னேன். டெண்ட், உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப் பை, குட்டி கேஸ் அடுப்பு, பாத்திரம், மூன்று ஜீன்ஸ், பிரிக்காத டப்பாவில் புது ஷூ, இரண்டு பவர் பேங்க், தடித்தடியாக இரண்டு புத்தகம்.

உடனே அவரை எடை மெஷினில் ஏற்றினேன். 64 கிலோ. பையோடு ஏற்றினேன். 77!

துணைக்கு வருகிற பை

கூட்டமாகப் போகிறவர்களுக்குப் பை ஒரு பிரச்னையே இல்லை. செட்டிநாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் நகரத்தார்களைப் பாருங்கள். சாமான் தனியாக வண்டியில் வரும், சமையலுக்குத் தனி ஆள், வழியில் தங்க ஏற்பாடு, ஒருவருக்குக் கால் பிசகினால் பிடித்துவிடப் பத்துப் பேர். நடப்பவர் நடந்தால் போதும்.

தனியாகப் போகிறவருக்கு அந்தப் பத்துப் பேர் செய்கிற வேலையையும் பைதான் செய்தாகவேண்டும். அதனால் ஒவ்வொரு சாமானைக் கையில் எடுக்கும்போதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாதபோது, இது எனக்கு எதற்கு உதவும்?" பதில் வந்தால் உள்ளே வையுங்கள். வராவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். அந்தத் தம்பியின் ஜீன்ஸ் மூன்றும் இந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போயின. நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காயாது, தொடையை உராய்ந்து புண்ணாக்கும். வேட்டி ஒன்று, தளர்ந்த பைஜாமா ஒன்று, சட்டை இரண்டு, துண்டு இரண்டு. நாலைந்து நாள் பயணத்துக்கு இதற்குமேல் துணி எதற்கு?

துண்டின் அருமையை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். வெயிலில் தலைப்பாகை, பனியில் காது மறைப்பு, கை முறிந்தால் தொட்டில் கட்டு, நனைத்துப் போட்டால் ஜுரத்துக்குப் பத்து, சுருட்டினால் தலையணை.

பையின் எடைக்கு நான் சொல்கிற கணக்கு சுலபமானது. பழக்கமில்லாதவருக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, தண்ணீரையும் சேர்த்து. 64 கிலோ ஆசாமிக்கு ஆறரைக் கிலோ. ஜோல்னாப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு தோளிலும் மாட்டுகிற பைதான் சரி. கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கவேண்டும். ராத்திரி மட்டும் தேவைப்படுவது அடியில். மருந்தும் டார்ச்சும் இருட்டில் கை தடவினாலே கிடைக்கிற வெளிப் பையில்.

சபரிமலைக்குக் கட்டுகிற இருமுடியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். முன்முடியில் சாமிக்கு நெய்த்தேங்காய். பின்முடியில் அந்தக் காலத்தில் வழிச்சாப்பாட்டுக்கான அரிசி, பருப்பு. இரு பக்கமும் சம எடை, தலை நிமிர்ந்து, முதுகெலும்பு நேராக! எந்த சாமான் எங்கே இருக்கிறது என்பதும் மனப்பாடம். இதைவிடவா நமக்கு இன்னொரு பாடம் வேண்டும்?

கால்தான் முதல் சாமான்

மதுரையிலிருந்து வாடிப்பட்டி, நிலக்கோட்டை, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி சுமார் 120 கிலோமீட்டர். தினம் 25 கிலோமீட்டர் வைத்தால் ஐந்து நாள். நாலு ராத்திரி வெளியில். இதில் பாதி அவஸ்தை காலில்தான் வரும்.

கொப்புளம் ஏன் வருகிறது? சூடும், ஈரமும், உராய்வும் ஒன்று சேரும்போது தோலின் மேல் அடுக்கு அடியில் உள்ள அடுக்கிலிருந்து கழன்று, நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் கொப்புளம் குறையும். அதனால் புதுச் செருப்பு, புது ஷூ கூடவே கூடாது. ஒரு மாசமாவது கால் பழகியதாக இருக்கவேண்டும். வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போய் வாங்குங்கள். நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும் நேரம் அது. அப்போது சரியாக இருக்கும் அளவுதான் நெடுந்தூரத்துக்குச் சரி. சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒன்று காலில், துவைத்த இன்னொன்று பையின்மேல் ஊக்கு குத்திக் காயட்டும். குதிகால், சுண்டுவிரல் மாதிரி வழக்கமாக உரசுகிற இடங்களில் கிளம்புவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்களே, அந்தக் காகிதப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிக்கொள்ளுங்கள். மூலையைத் தோண்ட வேண்டாம்.

கொப்புளம் வந்தேவிட்டால்? அதன் தோலைப் பிய்க்காதீர்கள். அதுதான் இயற்கை போட்ட கட்டு. நடக்கவே முடியாத அளவு பெரிசாக இருந்தால், சுத்தம் செய்த புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, குங்கிலிய வெண்ணெய் தடவி மேலே மெல்லிய துணிக்கட்டு போடலாம். சர்க்கரை இருப்பவர்கள் இந்தக் குத்துகிற வேலையைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

"வெறுங்காலோட நடக்கிறதா வேண்டிக்கிட்டேனே டாக்டர்?" என்பார்கள். வேண்டுதலில் நான் தலையிடுவதில்லை. ஆனால், பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். முள், கண்ணாடிச்சில்லு, கொதிக்கிற தார் எதுவும் உறைக்காது. வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. அந்த மணி அடிக்காதவர் வெறுங்காலில் நடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பைபாஸ் ரோட்டைக் கடக்கிற மாதிரி. மைக்ரோ செல்லுலர் ரப்பரில் பின்வார் வைத்த செருப்பு கிடைக்கிறது. அதைப் போட்டு நடந்து, மலையடிவாரத்தில் கழற்றுங்கள். படி ஏறி இறங்கியதும் பாதத்தைக் கழுவிக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே காலில் புண் இருந்தவர்களுக்கோ, விரல் எடுத்தவர்களுக்கோ இந்தச் சலுகைகூட இல்லை. பஸ்தான்.

ராத்திரி தங்கும் இடத்தில் காலுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி (சூட்டை முழங்கையால் பார்க்கவேண்டும், காலால் அல்ல), விரல் இடுக்குகளைத் துடைத்து, கண்ணாடியில் உள்ளங்கால் முழுக்கப் பாருங்கள். அப்புறம் கெண்டைக்காலில் கற்பூராதி தைலமோ வெறும் நல்லெண்ணெயோ கீழிருந்து மேலாக நீவிவிடுங்கள். தோல் கிழிந்த இடத்தில் தைலம் வேண்டாம்.

மேலே போர்த்தினால் போதுமா?

நடை வாதத்தைக் கூட்டும். வெயில் பித்தத்தைக் கூட்டும். தை மாசப் பனி கபத்தைக் கூட்டும். மூன்றும் ஒரே நாளில் நடக்கிற பயணம் இது. பகலில் வேர்த்து ஊற்றும். அதிகாலை மூன்று மணிக்குத் திண்டுக்கல் பக்கம் பல் கிட்டிக்கும்.

1990ல், பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, நானும் இதே பாதையில் தனியாகப் போயிருக்கிறேன். வீரம்தான், வேறென்ன! இரண்டு கம்பளி கொண்டுபோய் இரண்டையும் மேலே போர்த்திக்கொண்டு ஒரு மண்டபத்துக் கல்தரையில் படுத்தேன். விடியவிடிய நடுக்கம். காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டு, ஒரே ஒரு வேட்டியைப் போர்த்திக்கொண்டு சுகமாகக் குறட்டை விட்டார். விஷயம் இதுதான்: குளிர்ந்த தரை நம் உடம்புச் சூட்டைக் கீழே இருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் அது நிற்காது. கீழே தார்பாலின் துண்டு ஒன்று, அதன்மேல் கோரைப்பாய் அல்லது நாலு மடிப்பு செய்தித்தாள், அப்புறம் ஜமுக்காளம். கம்பளி ஒன்று போதும். காதையும் கழுத்தையும் துண்டால் சுற்றிவிட்டால் கால்வாசிக் குளிர் போய்விடும்.

அடுத்தது கொஞ்சம் பயமுறுத்துகிற சமாசாரம். கட்டுவிரியன். வயல்வெளி ஓரங்களில் ராத்திரி நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதில் இதற்குத்தான் கெட்ட பெயர். கடித்த இடம் சரியாகத் தெரியாது, வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. "ஏதோ பூச்சி" என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிகாலையில் வயிற்றுவலி, இமை தானாகத் தொங்குவது, விழுங்க முடியாமல் தொண்டை அடைப்பது, கடைசியில் மூச்சுத் திணறல். கூட ஆள் இருந்தால் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். தனியாகப் போனவருக்கு?

இதற்கு ஒரு நல்ல காவல், ஒற்றை ஆள் கொசுவலை. அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். நாலு மூலையிலும் கயிறு கட்டி, ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாகச் சொருகிவிடவேண்டும். கொசுவுக்கும் காவல், பாம்புக்கும் காவல்.

இந்த இடத்தில் அந்தத் தம்பி என்னை மடக்கினார். "டாக்டர், என் டெண்ட்டுக்கு அடியில தரையோட தச்ச துணி இருக்கு, வாசலுக்கு ஜிப் இருக்கு. பாம்பு, தேள், பனி மூணுக்கும் காவல்தானே?" நியாயமான பேச்சுதான்! மலைக்குப் போகிறவருக்கு, மண்டபமோ திண்ணையோ கிடைக்காத இடத்தில், நானும் டெண்ட்டையே சொல்வேன். ஆனால் பழனி பாதையில் தைப்பூச சமயத்தில் கூரை கிடைக்கும். டெண்ட் 2 கிலோ 300 கிராம் காட்டியது. அரைக் கிலோ வேலைக்கு எதற்கு அவ்வளவு? யோசித்துவிட்டு வலைக்கே சம்மதித்தார்.

சந்தேகம் வந்தாலே, பாம்பைக் கண்ணால் பார்க்காவிட்டாலும்கூட, 108. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நடக்கவும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், பச்சிலை தேடி ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதீர்கள். அங்கே ஊசியாகப் போடுகிற விஷமுறிவு மருந்தும் நம்ம ஆட்கள் கைபட்டதுதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலிலிருந்தும் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த விஷத்தை வைத்துத்தான் மருந்தே செய்கிறார்கள்.

தண்ணீரும் தீனியும்

பாட்டில்களில் மொத்தம் ஒன்றரை லிட்டர் போதும். வழியெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீரைத் தூக்கிச் சுமப்பவர்களைவிட, குடிக்காமல் விடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முக்கியமாகப் பெண்கள். "ஒதுங்க இடம் இல்லையே" என்று தாகத்தை அடக்குவார்கள், சிறுநீரையும் அடக்குவார்கள். சித்த மருத்துவத்தில் வேகங்கள் பதினான்கு என்று சொல்லி, இவற்றை அடக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நீர்வேட்கை, சிறுநீர், மலம், தூக்கம், பசி எல்லாம் அதில் அடக்கம். நடைப்பயணத்தில் மனிதர்கள் வரிசையாக அடக்குவது இவற்றைத்தான்! அப்புறம் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் எங்கே கழிவறை கண்டாலும், தேவை இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். ஒரு சோப்புத் துண்டும் பழைய செய்தித்தாளும் பையில் இருக்கட்டும். மாதவிலக்குத் தேதி தூரமாக இருந்தாலும் நாப்கின் நாலு வைத்துக்கொள்ளுங்கள். நெடுநடையில் தேதி பிசகுவது உண்டு.

உப்புச்சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ்., நாலு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் பேதி அதிகமாகும். பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

அடுப்பு, பாத்திரம் எல்லாம் வேண்டாம். வழிநெடுக அன்னதானம் போடுகிறார்கள். ஆனால் பந்தல் இல்லாத நீட்டங்களும் உண்டு. அவல் கால் கிலோ, பொரிகடலை, பத்துக் கடலைமிட்டாய். அவலை மோரில் ஊறவைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டால் வயிறு நிற்கும், தாகமும் அடங்கும்.

மருந்துப் பொட்டலம்

என்னிடம் வந்தால் ஒரு மூட்டை சூரணம் கட்டித் தருவேன் என்று எதிர்பார்ப்பார்கள். இல்லை. ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கவேண்டும். தொண்டைக்கட்டு, இருமலுக்குத் தாளிசாதி வடகம். பசியின்மை, சளிக்குத் திரிகடுகு (சுக்கு, மிளகு, திப்பிலிதான்) கொஞ்சம். வெந்நீரிலோ தேனிலோ சிட்டிகை போதும். வயிற்றுப்புண் இருப்பவர்கள் அதைத் தொடவேண்டாம். மலச்சிக்கலுக்குத் திரிபலா. உப்புசத்துக்கு ஓமம் ஒரு பிடி. கொப்புளத்துக்குக் குங்கிலிய வெண்ணெய். புண்ணுக்கு மத்தன் தைலம். ஒரு எச்சரிக்கை: மத்தன் தைலத்தில் சேர்வது ஊமத்தை இலையும் துருசும். மேலே பூச மட்டும்தான், உள்ளே போனால் விஷம். அதை ஓமத்துக்கும் வடகத்துக்கும் பக்கத்தில் வைக்காமல், தனிக் கவரில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். இருட்டில் எல்லா பாட்டிலும் ஒன்றுதான்.

கூடவே பிளாஸ்திரி, கட்டுத்துணி, கத்தரிக்கோல், முள்வாங்கி, கண்ணாடி. பிரஷர், இருதயம் என்று வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகள் போகிற நாளுக்கு மேல் மூன்று நாள் அதிகமாக. "யாத்திரையில மாத்திரை வேணாமே" என்று நிறுத்துகிற பைத்தியக்காரத்தனம் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே கூடாது. தினம் 25 கிலோமீட்டர் நடந்தால் வழக்கமான அளவே அதிகமாகி, சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். சாலையோரத்தில் அப்படித் தள்ளாடுகிற ஒற்றை ஆளைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "குடிச்சிருக்கான்" என்று ஒதுங்கிப் போவார்கள். அதனால் சட்டைப்பையில் (முதுகுப் பையில் அல்ல) குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. அறிகுறி தெரிந்ததும் மூன்று டீஸ்பூன் வாயில் போட்டு உட்கார்ந்துவிடவேண்டும். கால்மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி மூன்று. அப்புறம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும்.

இதோடு ஒரு சீட்டு. தபால் கார்டு அளவில், பெரிய எழுத்தில், தமிழில். பெயர், ரத்த குரூப், என்ன நோய், என்ன மாத்திரை, வீட்டு நம்பர் இரண்டு. சர்க்கரைக்காரர் என்றால் கீழே இப்படி: "நான் தடுமாறினால் குடித்தவன் அல்ல. வாயில் சர்க்கரை கொடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்." பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள். செல்போனில் எல்லாம் இருக்கிறதே என்கிறீர்களா? பூட்டிய போனை வழிப்போக்கர் எப்படித் திறப்பார்?

வெளிச்சம்

1990ல் என்னோடு வந்த டார்ச் கதையைச் சொல்லவேண்டும். பையின் அழுத்தத்தில் ஸ்விட்ச் தானாகத் தள்ளிக்கொண்டு, பகல் முழுக்க உள்ளேயே எரிந்து தீர்ந்துவிட்டது. ராத்திரி எடுத்தால் மினுக்கட்டான் பூச்சி வெளிச்சம்! அன்றிலிருந்து பகலில் செல்லைக் கழற்றித் தலைகீழாகப் போட்டு வைக்கிறேன். தலையில் மாட்டுகிற விளக்கு இப்போது கிடைக்கிறது, கை காலியாக இருக்கும். ஒரு ஜோடி செல் கூடுதலாக. போனை டார்ச்சாகப் பயன்படுத்தாதீர்கள். அதன் சார்ஜ் பேசுவதற்கு மட்டும். பவர் பேங்க் ஒன்று போதும்.

காவி, பச்சை வேட்டி இருட்டில் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் பக்தர்கள் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒட்டும்வரை காத்திராமல் சைக்கிள் கடையில் வாங்கி முதுகிலும் முன்னாலும் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை போட்டிருக்கிற இடங்களில் அதைவிட்டு இறங்காதீர்கள். இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி நடக்கவேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நடையே வேண்டாம். ஒரு விசிலைக் கயிற்றில் கோத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விழுந்து கிடப்பவருக்குக் கத்துவதற்கு எத்தனை நேரம் தெம்பிருக்கும்? விட்டு விட்டு மூன்று ஊதல், யாராவது வரும்வரை.

மலைக்காட்டில் தனியாகத் தங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வனத்துறை அனுமதி இல்லாத இடத்துக்கு எந்தப் பையும் காவல் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டவர்கள் கூட்டமாகப் போனவர்கள்தான். அப்படியும் எத்தனை உயிர் போயிற்று! கோடையில் காட்டுக்குள் அடுப்பு, தீப்பெட்டி எடுத்துப் போகவே கூடாது.

நம்ம தம்பிக்கு வருவோம். எடுத்ததை எடுத்து, சேர்த்ததைச் சேர்த்து, மறுபடி பையோடு மெஷினில் ஏறினார். 71. அரைக் கிலோ இன்னும் அதிகம். "புத்தகம் ஒண்ணாவது இருக்கட்டுமே டாக்டர்" என்றார். சரி என்றேன். தனியாகப் போகிற மனுஷனுக்கு ராத்திரி ஏதாவது வேண்டாமா?

ஆனால் அப்படியே பழனிக்கு அனுப்பிவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அதே பை, அதே செருப்போடு கோரிப்பாளையத்திலிருந்து அழகர்கோவில் வரை நடக்கச் சொன்னேன். இருபது கிலோமீட்டர் வரும். திரும்ப பஸ். நீங்களும் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு இதைச் செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தோளிலும் பட்டை பதிந்து சிவந்திருக்கிறதா, கால் எங்கே கன்றியிருக்கிறது, வழியில் எந்தச் சாமானைத் தேடினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று எழுதி வையுங்கள். அந்தத் தம்பி திங்கட்கிழமை காலையில் போன் பண்ணினார். இடது குதிகாலில் ஒரு கன்றல், முதுகில் ஒன்றும் இல்லை, கண்ணாடியை மட்டும் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பாதான் கண்டுபிடித்து எடுத்து வைத்தாராம்.